இரண்டு புள்ளி இரண்டு

காகிதப்பட்டறையில் என் கடை.
பழைய லேப்டாப் வாங்குவேன், விற்பேன்,
கீபோர்டு இடுக்கிலிருந்து பொரி தட்டி எடுப்பேன்.

இன்று மேசைமேல் இரண்டு.
ஒன்று ஐ-செவன், இரண்டாம் தலைமுறை,
நாலு கோர், செங்கல் கனம்.
மற்றது ஐ-ஃபைவ், ஐந்தாம் தலைமுறை,
ரெண்டே கோர், சிலேட்டு கனம்.
இரண்டின் பெட்டியிலும் ஒரே எண்:
இரண்டு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ்.

"இன்னாக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?"
தஸ்தகீர் கேட்கிறான்.
மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவன்.
நகக்கண்ணில் குரோமிய நீலம்.
கையில் பதினோராயிரம்,
ரப்பர் பேண்டு போட்டது.

ஒண்ணில்லை தம்பி.
அந்த எண்
வினாடிக்கு எத்தனை எட்டு என்பது.
எட்டு எவ்வளவு நீளம் என்று
எந்தக் கம்பெனியும் பெட்டியில் அச்சடிப்பதில்லை.
புதியவன் எட்டிப் போடுவான்.
பழையவனுக்குக் கால் நாலு.

கார் பந்தயம் போட்டுக் காட்டினேன்.
ஆளில்லாத சாலையில்
ஐ-ஃபைவ் முப்பத்தெட்டு பிரேம், ஐ-செவன் நாற்பது.
கண்ணுக்குத் தெரியாது.
ஊர் வந்தது. வண்டி, கூட்டம், கூரையில் புறா.
ஐ-ஃபைவ் பத்தொன்பதுக்கு விழுந்து
கிரீன் சர்க்கிளில் சாயங்கால ஆட்டோ மாதிரி
நகர்ந்து, நின்று, நகர்ந்தது.
ஐ-செவன் முப்பத்தைந்தில் ஊடே புகுந்து போனது.

ரப்பர் பேண்டைக் கழற்றினான்.
இரு, என்றேன்.

மே மாதம், மதியம் இரண்டு மணி, தகர ஷட்டர்.
பதினோராவது நிமிடம்
ஐ-செவன் தொண்ணூற்றேழு டிகிரி.
விசிறி மூன்றாவது விசிலில் நின்ற குக்கர்போல.
அப்புறம் அது தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.
இருபத்தொன்று. பதினாறு.
பதினான்கு.
பக்கத்தில் ஐ-ஃபைவ்
எழுபத்திரண்டு டிகிரியில், அதே பத்தொன்பதில்,
இன்கிரிமென்ட் வராத குமாஸ்தாவாக
வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

எனவே இதை எடு என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.

"நான் பகல்ல ஆடமாட்டேங்க்கா.
ஷிப்டு முடிஞ்சி, குளிச்சி, ராத்திரி ஒரு மணிக்கு.
ஜித்தால அப்ப பத்தரை.
மாமு மவன் இம்தியாஸ் அங்க கீறான்.
போன் போட்டா 'நல்லாகீறேன்'னு வச்சிடுவான்.
கார் ஓட்டிகினு இருந்தாதான்
எதுனா சொல்லுவான்."

எத்தனை நேரம் ஒரு பந்தயம்?

"பதினேழு நிமிசம்."

பத்து வருஷத் தொழிலில்
பிரேம் கேட்டிருக்கிறார்கள், ஜிபி கேட்டிருக்கிறார்கள்,
ஈஎம்ஐ கேட்டிருக்கிறார்கள்.
இந்தப் பதினேழை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு
ஐ-செவனின் முதுகைத் திறந்தேன்.
உள்ளே பேஸ்ட் சுவர்ச் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது.
சுரண்டினேன், புதிது தடவினேன்,
விசிறிக்குள்ளிருந்து எடுத்த பஞ்சில்
ஒரு திரி திரிக்கலாம்.

ராத்திரி ஒரு மணி, சத்துவாச்சாரி, மொட்டைமாடி.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலைப்பாறை நிதானமாகக் கக்கிக்கொண்டிருந்தது.
அதற்கும் விசிறி கிடையாது.
பந்தயத்தைத் தொடங்கிவிட்டு
மொபைலில் நேரம் வைத்தேன்.
பதினேழாம் நிமிடம் எண்பத்தொன்பது டிகிரி, முப்பத்துநாலு பிரேம்.
இருபத்திரண்டில்தான் முதல்முறை மூச்சு வாங்கியது.

ஐந்து நிமிடம் கூடுதல்.
ஜெயித்தது யார் என்று
இரண்டு பேர் சண்டை போட அது போதும்.

ஒன்பதாயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டேன்.
பில்லில் பேஸ்ட்டுக்குக் காசு போடவில்லை, மறந்தேபோனேன்.
அடியில் காற்று போக
நாலு ரோஸ்மில்க் மூடி கொடுத்தேன்.
ஒரு மூலைக்கு ஒன்று.
அவன் அவற்றைச் சட்டைப் பையில் போட்டு
பட்டனும் மாட்டிக்கொண்டான்.